அமைச்சர் கேட்ட கேள்வி

குடிவரவுக்குப் பொறுப்பான அமைச்சர் ஹட்டனுக்கு வந்த அன்று, கடவுச்சீட்டு கிடைக்காதவர்கள் எல்லாரும் மண்டபத்தில் வரிசையில் நின்றோம். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன என் தங்கை அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளைக் கூட்டிவர நான்தான் போக வேண்டும். தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த தாத்தாவை இலங்கைக் குடிமகன் என்று காட்டும் பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லை என்று என் விண்ணப்பத்தை இரண்டு முறை திருப்பியிருந்தார்கள்.

அமைச்சர் மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டைக் கையை முழங்கை வரை மடித்திருந்தார். பேசுகிறவர் முகத்தைப் பார்க்காமல், கடதாசிகளின் ஓரங்களைத் தட்டித் தட்டிச் சமப்படுத்திக்கொண்டே இருந்தார். என் முறை வந்தபோதும் அப்படித்தான்.

"உங்கள் குடும்பம் இந்தியாவிலிருந்து எப்போது வந்தது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நான் இங்க பக்கத்துல நோர்வூட்லதாங்க பொறந்தேன். எங்க அப்பாவும் அங்கதான். உங்க குடும்பம் எப்ப வந்துச்சுன்னு உங்ககிட்ட யாராச்சும் கேட்டிருக்காங்களா?"

மொழிபெயர்க்க வந்திருந்த யாழ்ப்பாணத்து ஆசிரியர் பதறிப்போனார். "வேண்டாம் பிள்ளை, பேசாம இருங்கோ" என்று முணுமுணுத்தார். நானே அதைச் சிங்களத்தில் திரும்பச் சொன்னேன்.

அமைச்சரின் கைகள் நின்றன. அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும் கேட்டதில்லை" என்றார். என் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டு, பக்கத்திலிருந்த அதிகாரியிடம் சொன்னார்: "இன்றைக்கு இனி யாரிடமும் இதைக் கேட்காதீர்கள்."

தங்கையைக் கூட்டிவந்துவிட்டேன். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால், 'இன்றைக்கு' என்று மட்டும் ஏன் சொன்னார் என்பது இன்னும் விளங்கவில்லை. நாளைக்குக் கேட்டாலும் எங்கள் பதில் அதேதான்.