அய்யாவுவின் கொலைகாரப் பொம்மைகள்

சாப்பிடும்போதும் அய்யாவுவுக்கு இடது கண் பாதி மூடியே இருக்கும். வலது கண்ணால் வாழையிலையைப் பார்த்து, அப்பளம் எந்தப் பக்கம் இருந்தால் படத்துக்கு எடுப்பு என்று யோசிப்பார். பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாண வீடியோ எடுப்பவர். கேமராவைத் தோளில் ஏற்றினால் வேலை முடியும்வரை இறக்குவதில்லை. ஒரு கல்யாணத்தில் பந்தல் சரிந்தபோதுகூட, அடியில் சிக்கியவர்களை ஓடிப்போய்த் தூக்காமல் நிதானமாகப் படம் பிடித்தவர். "பியூட்டிஃபுல் ஷாட் லா அண்ணே" என்று இன்றும் என்னிடம் பெருமைப்படுகிறார்.

இப்போது அவர் டைரக்டர். ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்தில் சிப்பாய்ப் பொம்மைகள் உயிர்பெற்று ஊரையே கொல்லும் பேய்ப்படம் எடுக்கிறார். துணிக்கடை ஒன்று கழித்துப் போட்ட குழந்தைப் பொம்மைகளுக்கு மனைவி புஷ்பவல்லி காக்கி உடுப்பு தைத்தார். தூண்டில் நரம்பு கட்டி அவற்றை ஆட்டுபவரும் அவரே. இரத்தத்துக்கு ரோஸ் சிரப். எறும்புகள் கூப்பிடாமலேயே நடிக்க வந்துவிட்டன.

கிள்ளானில் வீடியோ கடை வைத்திருக்கும் கார்த்திகேசு ஒரே நிபந்தனை போட்டிருக்கிறார். "ஒரு எடத்துலயாச்சும் பாக்குறவனுக்குப் பயம் வரணும் பாஸ். இல்லன்னா கேசட்ட கடையில வைக்க மாட்டேன்." இதை நம்பி அய்யாவு முகூர்த்த மாதத்துக் கல்யாணங்களை எல்லாம் விட்டுவிட்டார். கல்யாண வீடியோக்காரனாகவே செத்துப்போக அவருக்கு மனமில்லை.

சிக்கல் கேமரா விளக்கில் இருந்தது. நம் சனத்துக்கு வீடியோ விளக்கு மேலே பட்டால் அது கல்யாண வீடுதான். கழுத்தறுபட்டுக் கிடந்த விஜயன் தலைமுடியைக் கோதிக்கொண்டார். பிணமாகக் கிடந்த வீரம்மா தலைப்பைச் சரிசெய்துகொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"செத்துட்டீங்கக்கா, சிரிக்காதீங்க லா" என்றார் அய்யாவு.

"நாளைக்கு எல்லாரும் பாப்பாங்கல்ல தம்பி, மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

டைரக்டரும் சளைத்தவரல்லர். ஒவ்வொரு சாவுக்கும் பிறகு, பழக்கதோஷத்தில், சாப்பாட்டுப் பந்தியையும் எடுத்துவிடுகிறார்.

போன ஞாயிறு, சாலாக் செலாத்தானில் ஒரு பாழடைந்த வீட்டில் படப்பிடிப்பு. வழிப்போக்கராக நடிக்க, பக்கத்து வீட்டுத் தம்புசாமியை அழைத்து வந்தார்கள். இளவயதில் ஜப்பான்காரன், ஆயிரக்கணக்கானோர் செத்து விழுந்த சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப்போய், எப்படியோ உயிரோடு திரும்பியவர்.

"சும்மா நடந்து வாங்க அங்கிள். பொம்ம கழுத்துல பாயும், அவ்ளோதான்."

விளக்கு எரிந்தது. பொம்மையின் குரலாக அய்யாவு, "குரா" என்று ஜப்பான் காவல்காரன் போல அதட்டினார்.

தம்புசாமி சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றினார். அன்று ஜப்பான் காவல்காரனுக்குக் குனிந்ததுபோலவே, முழங்கால் உயரப் பொம்மைக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. சிரிக்கத் தொடங்கிய வீரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை நாள் தேடிய பயம் அய்யாவுவின் கேமராவுக்கு நேராக நின்றுகொண்டிருந்தது.

நரம்பைப் பிடித்திருந்த புஷ்பவல்லி மெல்லக் கேட்டார். "இழுக்கவாங்க?"

அய்யாவு இடது கண்ணைத் திறந்தார். கேமராவை இறக்கித் தரையில் வைத்தார். போய்ப் பொம்மையைக் குப்புறப் படுக்கவைத்துவிட்டு, தம்புசாமியின் செருப்புகளைக் கையில் எடுத்து, அவர் கால்களுக்கு அருகே வைத்தார்.