நான் பழிச்சுக் காட்டலை

ஆறு வருசத்துக்கு முன்னால, ஆவணி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. அம்பாசமுத்திரத்துல இருந்து திசையன்விளைக்கு, என் இளைய மகனுக்குப் பொண்ணு பார்க்கப் போயிருந்தோம். அவனுக்கு முப்பத்தஞ்சு முடிஞ்சாச்சு. எங்கெல்லாமோ ஜாதகம் பார்த்து ஒண்ணும் அமையலை. இந்த இடம்தான் ரெண்டு பேரும் போன்ல பேசிப் பிடிச்சுப்போய் வந்தது.

நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனா நாலு பேர் கூடின இடத்துல எப்படி உட்காரணும், எப்படிப் பேசணும்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நினைப்பு எனக்கு எப்பவும் உண்டு.

பொண்ணோட அம்மா என் பக்கத்துலயே உட்கார்ந்து பேசினாங்க. பேசும்போது அவங்க வலது தோள் சட்டுன்னு மேல ஏறும், தலை அதுபக்கம் சாயும். சின்ன வயசுல காய்ச்சல் கண்டதுல இருந்து அப்படியாம். முந்தானையை இழுத்து இழுத்து அந்தத் தோளை மூடிக்கிட்டாங்க. நான் கவனிக்காத மாதிரியே இருந்தேன். அவங்க ஊர்த் தண்ணிக் கஷ்டம், எங்க ஊர் ஆத்து வெள்ளம், பிள்ளை வளர்த்த பாடுன்னு ஒரு மணி நேரம் ஓடிட்டு.

திடீர்னு பொண்ணோட பெரியப்பா காப்பித் தம்ளரை நங்குன்னு வச்சார்.

"என்னம்மா, எங்க வீட்டுப் பொம்பளைய எங்க முன்னாலயே பழிச்சுக் காட்டுதிய?"

எனக்கு ஒண்ணும் விளங்கலை. "நானா? நான் எதுக்கு அண்ணாச்சி பழிச்சுக் காட்டணும்?"னு கேட்டேன். கேட்கும்போதே என் வலது தோள் விசுக்குன்னு ஏறுச்சு. என் மகன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். தெரியாம வந்ததுன்னு சொன்னா யார் நம்புவா? "இந்தச் சம்பந்தமே வேண்டாம்"னு அவர் எந்திரிச்சுட்டார்.

அந்த அம்மா என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்புறம் களுக்குன்னு சிரிச்சாங்க.

"அத்தான், பைய உக்காருங்க. ஏசும்போது உங்க தோளு எங்க நிக்குதுன்னு பார்த்தியளா?"

எல்லாரும் பார்த்தோம். அவர் தோளும் காதுகிட்ட நின்னுது! அறைக்குள்ள இருந்து பொண்ணு சிரிச்ச சத்தம் கேட்டுது.

"எங்கூடப் பேசிப் பழகுதவங்களுக்கு இது தொத்திக்கிடும் மைனி. பழிச்சுக் காட்டுதவங்களைப் பள்ளிக்கூடத்துலயே நான் நெறைய பார்த்தாச்சு. அவங்க கண்ணு வேற மாதிரி இருக்கும். நீங்க நான் சொன்னதைக் காது குடுத்துக் கேட்டிய. அதான் வந்துட்டு."

பிள்ளைக்குச் சோறூட்டும்போது நம்ம வாயும் தானா திறக்கும்லா, அப்படித்தான் போல. ஆனாலும் மனசு கேட்கலை. யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவ, அன்னைக்கு அவங்க கையைப் பிடிச்சுக் கேட்டேன். அவங்க அதுக்கப்புறம் முந்தானையை இழுத்து மூடலை.

தையில கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. ஒரு வார்த்தையில என்னைத் தலைகுனிய வச்சு அனுப்பியிருக்கலாம், ஆனா அவங்க என் கண்ணைப் பார்த்தாங்க. இப்ப எனக்கு யார்மேல கோவம் வந்தாலும், வாயைத் திறக்கதுக்கு முன்னால நானும் அந்த ஆளோட கண்ணைத்தான் பார்க்கேன்.