ரோஸ் கலர் பஞ்சு

நேற்று பீரோவில் எதையோ தேடப்போய்ப் பழைய வெள்ளைச் சட்டை ஒன்று கையில் வந்தது. பாக்கெட் மூலையில் ரோஸ் கலரில் துளிப் பஞ்சு. உங்களிடம் மறைப்பானேன், முதுகு லேசாக வேர்த்தது.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. எனக்கு நாற்பது. வீட்டோடு மாப்பிள்ளை, மாமனாரின் பனியன் கம்பெனியிலும் அதுவேதான் என் உத்தியோகம். ஞாயிறு காலை டிவியில் ஒரு காமெடி சீரியல் வரும். இட்லித் தட்டோடு குடும்பமே உட்காரும். அந்த வாரம், நாற்பது வயதுக்காரன் ஒருவன் திடீரென்று தலைக்கு டை அடித்து, ஜீன்ஸ் மாட்டி, சாயங்காலமானால் காணாமல் போகிறான், வீடே துப்பறிகிறது. மாமனார் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, திரும்பி என் தலையைப் பார்த்தார். அன்றைக்குத்தான் நானும் டை அடித்திருந்தேன். காதோரக் கறைகூடப் போகவில்லை.

என் மனைவி கோகிலா சிரிக்கவே இல்லை. மறுநாள் சாயங்காலம் என் காலரிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஏனுங்க, நம்ம கம்பெனில இப்ப என்ன கலரு ஓடுது?"

"நேவி புளூ."

"அப்ப இந்த ரோஸ் பஞ்சு எந்த ஊட்டுல ஒட்டுச்சுங்க?"

திருப்பூரில் பொய் சொல்வது கஷ்டம். எந்த ஆர்டர் ஓடுகிறதோ அந்த நிறத்துப் பஞ்சு நம் மேல் உட்கார்ந்து வீடுவரை வந்துவிடும். "பேங்குக்குப் போனேன்" என்றேன். எந்த பேங்கில் பஞ்சு பறக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அன்றிலிருந்து குழம்பில் உப்பில்லை.

வியாழக்கிழமை ஸ்கூட்டியில் என் பின்னாலேயே அருள்புரம் வந்துவிட்டாள். அங்கே என் சிநேகிதனின் சின்னத் தையல் யூனிட். உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண்கள். நடுவில் ஓவர்லாக் மெஷினில் குனிந்து, ரோஸ் கலர் குழந்தை டவுசர் தைத்துக்கொண்டிருந்தேன் நான்.

பக்கத்து மெஷின் ஜெசிந்தாக்கா, தென்காசிப் பக்கத்துக்காரர், முந்திக்கொண்டார். "ஒங்க வீட்டுக்காரராம்மா? தையலு கோணல்தான். ஆனா ஒரு நாளு லீவு போடமாட்டாரு."

சண்டைக்கென்று தயார் செய்துவந்த முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோகிலா நின்றாள். "இதுக்காங்க பொய் சொன்னீங்க?"

சொந்தத்துப் பையன் என்று மாமனார் என்னை மாப்பிள்ளையாகப் பிடித்துவரும் முன்னால் நான் டெய்லர். மெஷின் சத்தத்தில்தான் எனக்கு மூச்சே சீராக வரும். கம்பெனி மெஷினில் ஆசைக்கு ஒருநாள் உட்கார்ந்தபோது, "எந்திரிங்க மாப்ள, ஆளுக மதிப்பாங்களா?" என்று மாமனார் எழுப்பிவிட்டார். அன்றிலிருந்து சும்மா நிற்பதுதான் வேலை.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா கம்பெனியும் இல்ல, ஊடும் இல்லீங்க" என்றாள். ஆனால் அப்பாவிடம் அவள் சொல்லவில்லை. அதன்பிறகு தினமும் வீட்டு கேட்டிலேயே என்னை நிறுத்தி, காலர், முதுகு, காதுமடல் என்று திருப்பித் திருப்பிப் பார்த்து ஒவ்வொரு பஞ்சாகப் பொறுக்குவாள். பொறுக்கும்போதே, "அந்த அக்கா பக்கத்துலயே ஏனுங்க உக்கார்றீங்க?" என்பாள்.

மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் நாற்காலியில் இப்போது நான். கண்ணாடி ரூம், ஏசி, பஞ்சு நுழையாது. அருள்புரம் யூனிட் இருந்த இடத்தில் பேக்கரி. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு செல்போன்.

நேற்று அந்தப் பஞ்சை எடுத்துக் காலரில் ஒட்டிக்கொண்டு கோகிலா முன்னால் இரண்டு தடவை நடந்தேன்.

"சார்ஜர் ஒயரு கெடக்குது, பாத்துப் போங்க" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.