இரண்டாவது ஆளுக்கான கம்பி

நேற்று சாயங்காலம் இரண்டாவது ஆள் தானாகக் குதித்தான்.

என் கையில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா. அதன் மூடியை அறுத்து, காரில் பின்பக்கம் பார்ப்பதற்கு வைப்பார்களே, அந்தச் சின்னத் திரையைப் பொருத்தியிருந்தேன். உள்ளே ஒரு பேட்டரியும், சின்ன வயதில் டிவியில் மாட்டி விளையாடிய வீடியோ கேம் பெட்டியின் சர்க்யூட் பலகையும் இருந்தன. பலகை டப்பாவுக்குள் அடங்காததால் அதன் ஓரங்களை வெட்டியிருந்தேன். பழைய டிவி கேமைக் கையில் வைத்து ஆடுகிற கேமாக மாற்றுவது இப்போது பலருக்குப் பொழுதுபோக்கு. எனக்கு அது அவ்வளவு லேசான பொழுதாக இருக்கவில்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

ஆட்டத்தில் இரண்டு சிப்பாய்கள். நீலச் சட்டைக்காரன் முதல் ஆள், அவன் என்னுடையவன். சிவப்புச் சட்டைக்காரன் இரண்டாவது ஆள். நான் செய்த டப்பாவில் இரண்டாவது ஆளுக்குப் பட்டன் எதுவும் கிடையாது. இருந்தும் அவன் நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தான். கொஞ்சம் நின்றான். மறுபடியும் குதித்தான்.

நான் பயப்படவில்லை என்று எழுதத்தான் ஆசை. எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். சர்க்யூட் பலகைகளைச் சோதித்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்வதற்குத்தான் கம்பெனியில் சம்பளம் தருகிறார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் முழுசாக வெளியே வந்த முதல் ஆள் நான். இதை எங்கேயாவது சொல்லிக்கொள்ள இடம் கிடைத்தால் விடமாட்டேன், இங்கேயும் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தச் சிப்பாய் இரண்டாவது முறை குதித்தபோது டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு, அம்மா இருந்த சமையலறைக்குப் போய் நின்றேன்.

காரணம் பிறகு புரிந்தது, இரண்டாவது ஆளின் பட்டனுக்கான கம்பி வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கம்பியை எதிலும் சேர்க்காமல் அந்தரத்தில் விட்டால் அது சும்மா இருக்காது. பக்கத்தில் கை வந்தாலும், மின்விசிறி சுழன்றாலும் அந்தச் சலனத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். யாரோ பட்டனை அழுத்துகிறார்கள் என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். அப்படி நடக்காமல் அடக்கி வைக்க அரிசியளவு ரெசிஸ்டர் ஒன்று உண்டு. அது நான் வெட்டியெறிந்த ஓரத்தில் இருந்திருக்கிறது. படித்த படிப்பின் லட்சணம். புதிதாக ஒன்றை வைத்துப் பற்றவைத்தால் தீர்ந்தது. அந்தப் புது ரெசிஸ்டர் இப்போதும் என் மேஜைமேல் ஒரு பாட்டில் மூடிக்குள் கிடக்கிறது. அதை ஏன் வைக்கவில்லை என்று சொல்ல, சங்கீதாவிலிருந்து தொடங்க வேண்டும்.

ஈயம் பற்றவைக்கும்போது எழும் புகைக்குக் குங்கிலியத்தின் வாசனை உண்டு. அந்த வாசனை வந்தால் எனக்கு நான் வளர்ந்த அடையாற்றங்கரை ஞாபகம் வந்துவிடும். பொழுது சாய்ந்ததும் கொசுவுக்காக வீட்டுக்கு வீடு புகை போடுவார்கள். யார் எதைப் போட்டு எரிக்கிறார்கள் என்று வாசனையை வைத்தே சொல்லலாம். ஆற்றின் நாற்றம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பிடித்துக்கொண்டபோதுதான் என்மீது ஏதோ வாசனை அடிக்கிறது என்றே தெரிந்தது. பறக்கும் ரயில் பாலம் எங்கள் தலைக்கு மேலே போகும். ரயில் வந்தால் டிவியில் படம் நடுங்கும். யாரும் பேச்சை நிறுத்தமாட்டார்கள், குரலை மட்டும் உயர்த்துவார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் இன்றும் சத்தமாகப் பேசுவதற்கு அதுதான் காரணம் என்பது என் ஆராய்ச்சி.

என் அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். மீன்பாடி என்கிற மூன்று சக்கரச் சாமான் வண்டி வைத்திருந்தார். மீனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அதில் ஏற்றியிருக்கிறார். தி. நகரில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது, வேண்டாமென்று ஒதுக்கிய சாமான்களோடு இந்தப் பெட்டியையும் கொடுத்திருக்கிறார்கள். ரேடியோ என்று நினைத்து எடுத்துவந்தார். எங்கள் வீட்டு டிவி ஒரு மழைக்குத் தண்ணீர் புகுந்து செத்துப்போயிருந்தது. பக்கத்து வீட்டில் டிவி இருந்தது. அந்த வீட்டுப் பெண்தான் சங்கீதா. என் வகுப்பு, என் வயது, என்னைவிட வாய் அதிகம்.

பெட்டி என்னுடையது, டிவி அவளுடையது. ஆகவே ஆட்டம் இருவருக்கும் பொது. கையில் பிடிக்கிற பட்டன் பலகையை நாங்கள் ரிமோட் என்போம். முதல் ரிமோட்டில்தான் ஸ்டார்ட் பட்டன் இருக்கும். அதை நான் எடுத்துக்கொள்வேன். இரண்டாவது அவளுக்கு. பெட்டியில் செருகுகிற கேசட்டின்மேல் ஆயிரக்கணக்கில் ஆட்டம் இருப்பதாகப் போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் அதே நாலைந்துதான் வேறு வேறு பெயரில் வரும். நாங்கள் சிப்பாய் ஆட்டத்தைத் தவிர வேறு ஆடியதில்லை. அதில் ஒரு விதி உண்டு. ஒருவர் மட்டும் முன்னே ஓடிவிட முடியாது. திரையின் ஓரத்துக்குப் போய் நின்றாலும் மற்றவர் கூட வந்தால்தான் திரை நகரும்.

சங்கீதா லேசில் வரமாட்டாள். நின்ற இடத்தில் சும்மா சும்மா குதித்துக்கொண்டிருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

"ஏன்டி குதிச்சிக்கினே கீற? வாடி முன்னாடி."

"நின்னுக்கினு இருந்தா சுட்டுருவான்டி. குதிச்சிக்கினே இருந்தாதான் உசுரு."

கேசட் ஓடாவிட்டால் வெளியே எடுத்து ஊத வேண்டும். நான் ஊதினால் ஓடாது, அவள் ஊதினால் ஓடும். அப்படி ஒரு நம்பிக்கை. ஊதுவதால் ஒன்றும் ஆவதில்லை என்று இப்போது தெரியும். மூச்சின் ஈரம் பட்டு உள்ளே இருக்கிற செப்புப் பற்களில் களிம்பு ஏறும், அவ்வளவுதான். போன வாரம் அந்தக் கேசட்டைப் பிரித்தபோது பற்கள் பச்சையாக இருந்தன. ரப்பரை வைத்துத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. சந்தோஷமாக இருந்தது. ரப்பர் தூளை ஊதித் தள்ளிய பிறகுதான், நான் தேய்த்து அழித்தது எதுவென்று உறைத்தது.

சர்க்கார் ஆற்றங்கரையைக் காலி செய்தபோது எல்லாரையும் ஒரே இடத்துக்கு அனுப்பவில்லை. எங்களுக்குப் பெரும்பாக்கம். சங்கீதா வீட்டுக்கு ஊரின் மறு கோடி. லாரி வந்து நிற்கிறது, பாத்திரங்கள் ஏறுகின்றன, நாங்கள் இரண்டு பேரும் கேமைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம்.

"பொட்டியும் கேசட்டும் உங்கிட்ட இருக்கட்டும். ரிமோட்டு ரெண்டும் எங்கிட்ட. அப்பதான் நீ வருவ."

"ஏன், நீ வரமாட்டியா?"

"டிவி எங்க வூட்ல கீது. தலைல தூக்கிக்கினு வரவா?"

எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று நினைத்தோம். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி ஆடவே முடியாது, ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் சந்தித்துத்தான் ஆக வேண்டும். சென்னை எவ்வளவு பெரிது என்பது எங்களுக்குத் தெரியாது. எங்களைப் பொறுத்தவரை பள்ளிக்கூடம், மயிலாப்பூர் தேர், அவ்வளவுதான் ஊர். இரண்டு வீட்டுக்கும் நடுவே முழுச் சென்னையும் படுத்துக்கிடந்தது. அந்த ஞாயிறு வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. அம்மா என்னைப் பழைய பள்ளிக்கூடத்திலேயே விட்டுவைத்தாள். விடியும் முன்னே பஸ் ஏற்றி அனுப்பினாள். சங்கீதாவைப் படிப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டோம்.

மழைக்காலம் போய், பங்குனியில் அறுபத்து மூவர் கூட்டத்துக்கு அம்மாவோடு மயிலாப்பூர் போனேன். மோர்ப் பந்தல் ஒன்றின் பக்கத்தில் சங்கீதாவின் அம்மாவைப் பார்த்தோம். நான் அத்தை என்று கூப்பிடுவேன். சங்கீதா எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அத்தை அம்மாவின் தோளில் சாய்ந்துவிட்டாள். புதிய வீட்டில் முதல் மழைக்கே காய்ச்சல். நாலு நாள் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்திருக்கிறார்கள். மேளச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. பாதி போதுமாக இருந்தது.

பெட்டி பெரும்பாக்கத்தில் பரணுக்குப் போனது. நான் கல்லூரிக்குப் போனேன், வேலைக்குப் போனேன், வேளச்சேரியில் என் பெயரில் வீடு வாடகைக்கு எடுத்தேன். நைனா இப்போது இல்லை. சமீபத்தில் அம்மாவை என்னோடு அழைத்து வந்தேன். அவள் கொண்டுவந்த ஜவுளிக்கடைப் பைகளில் ஒன்றுக்குள் பெட்டி இருந்தது. திருகாணி ஓட்டைகளில் ஆற்றுச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அன்றே வேலையைத் தொடங்கிவிட்டேன்.

"இன்ஜினியருக்குப் பட்ச்சிட்டு சோத்து டப்பாவ அறுத்துக்கினு கீற," என்றாள் அம்மா. அவளுக்குப் போனது நல்ல டப்பா.

திரை வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் பையனுக்கா என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ரிமோட்டும் வேண்டுமா, புதுசு கிடக்கிறது என்று எடுத்துப் போட்டார். வாங்கியிருக்கலாம். கை போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாதான் சொன்னாள், அத்தை மயிலாப்பூர் குளத்தங்கரையில் பூக்கட்டி விற்கிறாள், போய்க் கேள் என்று.

அத்தை என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "பட்ச்சவ வந்துட்டாடி," என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னாள். என் அடையாள அட்டையின் நாடாவைப் பிடித்துப் பார்த்து, மாட்டுக்குக் கட்டுகிற மாதிரி கட்டியிருக்கிறார்களே என்று சிரித்தாள். ரிமோட்டைப் பற்றி எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நான் சுற்றிச் சுற்றிப் பேசினேன். அவளே புரிந்துகொண்டாள்.

"ஒன்னு அவ கைலயே வெச்சு அனுப்ச்சுட்டோம் கண்ணு. இன்னொன்னு உனுக்குன்னு எட்த்து வெச்சேன். நீதான் வர்ல."

எங்கள் ஜனங்களில் கல்யாணமாகாத பிள்ளைகளை எரிப்பதில்லை. புதைப்பார்கள். பிள்ளைக்குப் பிடித்ததைக் கூடவே வைப்பார்கள், ஒரு வளையல், ஒரு பொம்மை. சங்கீதாவுக்கு வைத்தது ரிமோட். மறுநாள் அத்தை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து தந்ததில் ஸ்டார்ட் பட்டன் இருந்தது. அது என்னுடையது. சங்கீதாவுடைய ரிமோட்டை அவளே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அத்தை தந்ததைப் பிரித்து, அதன் பட்டன்களை என் டப்பாவில் பதித்தேன். நேற்று பேட்டரியை இணைத்து, பழக்கத்தில் இரண்டு பேர் ஆட்டத்தை அழுத்திவிட்டேன். நீலம் வந்தது. சிவப்பு வந்தது. சிவப்பு குதித்தது.

இன்று காலை அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். காட்டலாமா கூடாதா என்று ரயிலில் போகும்போது முழுக்க யோசனை. அவள் தந்த பொருள், அவளுக்குக் காட்டாமல் இருக்க முடியாது. காட்டினால் சிவப்பு குதிப்பதையும் பார்ப்பாள். பேய் என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது, நினைக்காவிட்டால் என்ன செய்வது, இரண்டும் எனக்குப் பயமாக இருந்தது.

அத்தை பூக்கட்டுவதை நிறுத்தாமலே எட்டிப் பார்த்தாள்.

"இதுல நீ எது?"

"நீலம்."

சிவப்பு யார் என்று அவள் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். சிவப்பு குதித்தது. அத்தையின் விரலில் நார் நின்றது. என் கட்டைவிரல்களைப் பார்த்தாள், அவை எதையும் அழுத்தவில்லை.

"யாரு ஆட்றா அத?"

"யாரும் இல்ல அத்தை. ஒரு கம்பி எதுலயும் சேராம கீது. அதான் தானா குதிக்குது. ஒரு சின்ன சாமான் வெச்சா நின்னுடும்."

"நின்னுடுமா?"

"ம்."

அவள் மல்லிகையை வைத்து ஒரு முடிச்சுப் போட்டாள். இன்னொரு முடிச்சு.

"நின்னா சுட்டுருவான்னு சொல்லுவா இல்ல," என்றாள். "வெக்காத. வுடு."

கட்டிய பூவில் கொஞ்சம் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டு, கேட்டுக்கொண்டு நின்ற ஒருவருக்கு முழம் போடத் தொடங்கினாள்.

திரும்பும்போது பறக்கும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கிரீன்வேஸ் ரோடு நிலையம் தாண்டியதும் ஆறு வரும். கீழே எங்கள் வீடுகள் இருந்த கரையில் இப்போது வேலி போட்டு வரிசையாகச் செடி வைத்திருக்கிறார்கள். பச்சையாக, சுத்தமாக இருக்கிறது. புகை இல்லை. ரயில் போனால் நடுங்க ஒரு டிவி இல்லை, குரலை உயர்த்த ஒரு ஆள் இல்லை. எந்த இடத்தில் எங்கள் கதவு இருந்தது, எது அவள் கதவு என்று கண்ணால் தேடினேன். ஒரே மாதிரி செடிகள். அடையாளம் சொல்ல ஒரு கல்கூட விட்டுவைக்கவில்லை.

டப்பாவை எடுத்தேன். ஒரு ஆள் ஆட்டமும் அதில் இருக்கிறது. அதைப் போட்டால் தடையில்லாமல் கடைசிவரை போய்விடலாம். நான் இரண்டு பேர் ஆட்டத்தை அழுத்தினேன். நீலத்தை ஓட்டிக்கொண்டுபோய்த் திரையின் ஓரத்தில் நிறுத்தினேன். பின்னால், புறப்பட்ட இடத்திலேயே, சிவப்பு குதித்துக்கொண்டிருந்தது. கோட்டூர்புரம் வந்தது, போனது. திரை நகரவில்லை.