செத்த பேஸ்

முக்கூடல் பக்கத்து வாழைத்தோட்டத்தில் அந்த பல்பு வெடித்த நொடியில்தான் எனக்குப் பொறி தட்டியது. கூடவே வந்த பயம் இன்னும் போகவில்லை.

என் அண்ணன் லைன்மேன். நான் திருநெல்வேலியில் விடுதியில் தங்கி மின் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். விடுமுறைக்கு வந்தவள், மத்தியானச் சோற்றை டிரான்ஸ்பார்மரடிக்குக் கொண்டுபோனேன். மேலே மூன்று பீஸ் கம்பிகளில் ஒன்று தானாகவே அறுந்திருந்தது. பம்புசெட்டுகளை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். டிரான்ஸ்பார்மர் மட்டும், எருமை ஒன்று உள்ளே அகப்பட்டதுபோல் உறுமியது. மங்கிக் கிடக்க வேண்டிய மோட்டார் அறை பல்பு பளீரென்று வெளுத்துச் சிதறியது.

"தீவாளி வந்துட்டு" என்று சிரித்த அண்ணன், ஏணியில் நின்றபடி பீஸ் அறுந்த அந்தப் பேஸ் கம்பியின் தளர்ந்த முடிச்சை நோக்கிக் கையை நீட்டினான். நான் போட்ட கூச்சலில் தூக்குவாளி கவிழ்ந்தது.

"ஏட்டி, எதுக்கு இப்படிக் கத்துத? பீஸ் போனா அது செத்த பேஸ்."

"செத்ததுன்னா பல்பு ஏண்ணே வெடிச்சுது?"

தோட்டக்கார அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "நீரு முடிச்சை முறுக்கும் வே. ஆபீசுல லைன் கிளியர் கேட்டு, கரண்டை நிப்பாட்டி, பெறவு ஏறுனா பொழுது போயிரும். வாழை கருகுதுல்லா?"

அன்றைக்கு அழுது அவனை இறக்கினேன். ஆனால் மறுநாளும் அவன் ஏறுவான்.

எனக்கு இடித்தது கண்டன்சர். ரெண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் மோட்டாரை ஓட்ட, எங்கள் பக்கத்தில் பம்புசெட்டுக்குப் பம்புசெட் அதை மாட்டியிருப்பார்கள். ஸ்டார்ட்டருக்கு முன்னாலேயே மாட்டிவிடுவதால், மோட்டாரை நிறுத்தினாலும் அது லைனிலேயே கிடக்கும். பீஸ் போன பேஸுக்கு அதன் வழியாகக் கரண்ட் திரும்பி வரும். டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் இரும்போ ஓரளவுக்கு மேல் காந்தம் ஏற்காது. அந்த எல்லையில் கண்டன்சரும் இரும்பும் ஒன்றையொன்று உலுக்கி வோல்டேஜை எங்கேயோ ஏற்றிவிடும். பெர்ரோ ரெசனன்ஸ். எங்கள் பாடத்தில் அரைப் பக்கம்.

கல்லூரிக் கம்ப்யூட்டரில் அந்த இரும்பைக் கணக்காக எழுதிப் பார்த்தேன். கரண்ட் ஏற ஏறக் காந்தமும் ஏறுகிற நேர்கோடாக எழுதியபோது ஒன்றுமே நடக்கவில்லை. ஓரளவுக்கு மேல் மடங்கிவிடும் வளைகோடாக மாற்றினேன், அப்போதும் அமைதி. பீஸ் அறுகிற நேரத்தை மட்டும் துளி தள்ளிவைத்தேன். வோல்டேஜ் இரண்டு மடங்கைத் தாண்டிப் போய், இறங்கவே இல்லை. அதே கண்டன்சர், அதே இரும்பு!

ஊருக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன்.

"பத்து வருசமா தொடுதேன். செத்தா போயிட்டேன்?"

"அதாண்ணே பயமா இருக்கு. பத்து தடவை சும்மா இருக்கும். பதினோராந் தடவை இருக்காது."

"சரி, உன் கம்ப்யூட்டர் எந்த டிரான்ஸ்பார்மரைப் பாத்துச்சு?"

எதையும் பார்க்கவில்லை என்றேன். வளைகோடு புத்தகத்தில் எடுத்தது. அதன் வளைவைக் கொஞ்சம் மாற்றினாலே அந்த வோல்டேஜ் ஏற்றம் காணாமல் போய்விடுகிறது. அதையும் ஒப்புக்கொண்டேன்.

"பாத்தியா? புஸ்தகத்து இரும்புக்கு நான் ஏன் பயப்படணும்? எங்க இரும்பை அளந்து காட்டுளா. பெறவு லைன் கிளியர் வாங்காம கை வச்சா ஏன்னு கேளு."

எண்ணெய் ஒழுகுகிறதென்று கழற்றி, ஒழுகலை அடைத்து, மின்வாரியத்தின் பழுது பார்க்கும் கொட்டகையில் நிறுத்தியிருக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்று, தோட்டத்தில் இருப்பதன் அதே அளவு, அதே வகை. கேட்டு அலைந்ததில் சனிக்கிழமை அளந்து பார்க்கத் தருகிறார்கள். அதுவரை இன்னும் நான்கு நாள் அவன் கம்பம் ஏறுவான். விடுதியில் போன் மணி அடித்தாலே ஓடிப்போய் எடுக்கிறேன்.

சனிக்கிழமை வீட்டுக் கரண்ட் வருகிற பக்கத்திலிருந்து வோல்டேஜைப் பைய ஏற்றி, ஒவ்வொரு படியிலும் இரும்பு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று குறிக்கப் போகிறேன். கடைசிப் படியில், எந்த லைனும் இணைக்காத எதிர்ப்பக்க முனைகளில் பதினோராயிரம் வோல்ட் நிற்கும். அண்ணனும் வருகிறேன் என்கிறான். வரட்டும். முனைகளைச் சுற்றி முதலில் கயிறு கட்டிவிட்டு, மீட்டரைப் படிக்க அவனைக் கயிற்றுக்கு வெளியே உட்கார வைப்பேன். பிறகுதான் சுவிட்சைத் தொடுவேன்.