ஒரு தோணிக்கு இரண்டு கேள்வி

வின்சன்ற் கலியாணம் முடித்து வவுணதீவுப் பக்கம் வந்தபோது அவனிடம் இருந்தவை இரண்டு சட்டை, ஒரு சாரம், ஒரு வீச்சு வலை. மற்றதெல்லாம் ரிப்காவுடையது. வீடு அவளுடைய தாய் தகப்பன் கட்டிக் கொடுத்தது. வளவு அவள் பெயரில், கிணறு அந்த வளவுக்குள், கோழிகள்கூட அவள் கூப்பிட்டால்தான் வரும். மட்டக்களப்பில் பெண்ணுக்கு வீடு, ஆணுக்கு அந்த வீட்டில் ஓர் இடம். யாரும் எழுதி வைக்காமலே நடக்கிற சட்டம் இது. கத்தோலிக்கனாகப் பிறந்தவன், மனைவியோடு அவளுடைய மெதடிஸ்த கோயிலுக்கே போகவும் தொடங்கினான். இதிலெல்லாம் தனக்கு ஒரு மனக்குறையும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லுவான். யாரும் கேட்காமலே சொல்லுவான் என்பதுதான் கொஞ்சம் இடித்தது.

அவன் வேலை வாவியில். இன்னொருவருடைய தோணியில் போய், பிடித்ததில் மூன்றில் ஒரு பங்கு வாங்கி வருவான். விடிந்தும் விடியாத நேரத்தில் வாவி ஓர் அசைவும் இல்லாமல் கிடக்கும். வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒரு வெளிச்சம் மெல்ல இறங்கும். அந்த நேரத்தில் வின்சன்றுக்குக் கண் திறந்தபடியே கனவு வரும். கனவில் தோணி அவனுடையது. கண்டல் மரங்களின் ஓரமாக யாரையும் கேட்காமல் அதைத் திருப்புவான், நினைத்த இடத்தில் நிறுத்துவான், மீன் படாவிட்டாலும் சும்மா இருந்துவிட்டு வருவான். "டேய், வலைய வீசுடா!" என்று தோணிக்காரர் சத்தம் போடும்வரை கனவு ஓடும். இப்படியே பத்து வருடம் போனது. இவ்வளவு சிறிய ஆசையை இவ்வளவு காலம் பொத்திப் பொத்தி வைத்திருக்க வின்சன்றால்தான் முடியும்.

கலியாணத்துக்கு முன் போதகர் இருவரையும் இருத்தி வைத்து ஒரு புத்தி சொல்லியிருந்தார். இருவரும் ஒரே மாம்சமானால் பணப்பையும் ஒன்றுதான் என்றார். ரிப்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை பின்னேரம் வந்தால் ஒரு பிஸ்கட் ரின்னைக் கொண்டுவந்து பாயில் வைப்பாள். அவனுடைய மீன் காசும் அவளுடைய இடியப்பக் காசும் அதற்குள் விழும். முதலில் பத்தில் ஒன்றை எடுத்துக் கோயில் உறைக்குள் போடுவாள். பிறகு அரிசி, கறண்ட் பில், பள்ளிக்கூடச் செலவு, அவள் மாதாமாதம் கட்டும் சீட்டு. மிஞ்சினால், மகள் நிலானிக்கு என்றாவது கட்ட வேண்டிய வீட்டுக்குக் கல். நிலானிக்கு அப்போது வயது ஏழு. ஏழு வயதுப் பிள்ளைக்கு இப்போதே என்ன வீடு என்று வெளியூரார் சிரிக்கலாம். இந்தப் பக்கத்துத் தாய்மாருக்கு அது சிரிக்கிற விசயம் இல்லை. கடைசியில் ரின்னின் மேல் இருவரும் கை வைத்து, தங்களுக்குள் ஒளிவு மறைவு இல்லாமல் காக்கும்படி ஜெபிப்பார்கள். வின்சன்றின் ஆமென்தான் பெரிதாகக் கேட்கும்.

ஏனென்றால் அவனிடம் ஒளிவு மறைவு இருந்தது. ரின்னுக்குள் விழுந்த காசு எப்போது பார்த்தாலும் கல்லாக மாறுவதைக் கண்டு, ஒருநாள் தன் பங்கிலிருந்து நூறு ரூபாயைக் காத்தான்குடி மீன் வியாபாரி இஷாமிடம் கொடுத்து வைத்தான். கரைக்கு வந்து மீன் எடுக்கிறவன் இஷாம். சின்ன வயதுக் கூட்டாளி.

"அமானிதமா வெச்சிரிக்கன் மச்சான். எப்ப கேட்டாலும் தருவன்," என்றான் இஷாம்.

அமானிதம் என்றால் இன்னொருவர் நம்பி ஒப்படைத்த பொருள். அந்தச் சொல் வின்சன்றுக்குப் பிடித்துப்போயிற்று. களவு மாதிரியே தெரியாத சொல். அடுத்த நாளும் ஒரு நூறு கொடுத்தான். நாலு வருடத்தில் அது தொண்ணூற்று மூவாயிரமாகக் கிடந்தது.

நடுவில் ஒரு விசயம் நடந்தது. அதை நினைக்க வின்சன்றுக்குப் பிடிக்காது, ஆகவே அடிக்கடி நினைப்பான். இரண்டு வருடங்களுக்கு முன் நிலானிக்கு டெங்குக் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் ஆசுபத்திரியில் கிடந்தாள். இருவருக்கும் தொழில் இல்லை, ரின் இரண்டாம் நாளே வெறுமையாகிவிட்டது. ரிப்கா தன் காப்புகளைக் கழற்றி அடைவு வைத்தாள். நாளைக்கு இஷாமிடம் போவோம், நாளைக்குப் போவோம் என்று வின்சன்ற் நினைத்துக்கொண்டே இருந்தான். காப்பு போனபிறகு, இந்தக் காசு எங்கேயிருந்து வந்தது என்று சொல்ல வேண்டி வருமே என்று பயந்தான். பிள்ளை சுகமாகி வந்தாள். காப்புகளை மீட்க ரிப்காவுக்குப் பத்து மாத இடியப்பம் தேவைப்பட்டது.

இந்த வருடம் பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு, நகரத்துக் கரையில் இருந்த அவர்களுடைய கோயிலில் அறுப்புத் திருநாள் வந்தது. சபையார் கொண்டுவரும் முதற்பலன்களை ஆராதனைக்குப் பிறகு முற்றத்தில் ஏலம் போடுவது வழக்கம். பூசணிக்காய், வாழைக்குலை, சேவல், கேக், எல்லாம் இருக்கும். அந்த முறை, மகளோடு இருக்கக் கனடாவுக்குப் புறப்பட்ட ஒருவர் தன்னுடைய தோணியையே காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். பைபர் தோணி, பெரிதாகப் பழுதில்லை.

செய்தி கேட்ட அன்று வின்சன்ற் சோற்றில் இரண்டு தரம் உப்புப் போட்டான். தானே ஏலம் கேட்டால் காசு ஏது என்று ரிப்கா கேட்பாள். ஆகவே இஷாமைக் கேட்க வைத்து, பிறகு அவனிடம் கடனுக்கு வாங்கியதாகச் சொல்லிவிடலாம் என்று ஏற்பாடு செய்தான். "நான் மூக்கத் தடவினா நீ கூட்டிக் கேளு மச்சான்." திட்டத்தில் ஓட்டை ஒன்றும் இருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிர்ப்பக்கம், பிளாஸ்டிக் கதிரைகள், மேலே நீலத் தறப்பாள். தறப்பாளின் நீலம் எல்லோர் முகத்திலும் இறங்கி, முற்றமே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் இருந்தது. சேவல் தூங்கியது. வின்சன்றும் பாதித் தூக்கத்தில்தான் இருந்தான். மதிலுக்கு அப்பால் கரையில் கட்டிக் கிடந்த தோணி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. சபைக் காரியதரிசி நாற்பதாயிரத்தில் தொடங்கினார். மண்டூரிலிருந்து வந்த ஒருவர் அறுபத்தையாயிரத்தோடு தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். இஷாம் அறுபத்தாறு என்றான். முடிந்தது என்று வின்சன்ற் மூச்சு விட்டான்.

"அறுபத்தேழு," என்றது ஒரு பெண்குரல்.

பார்த்தால் பக்கத்து வளவுக் கண்ணகை. கோயிலுக்குக் கூட வராதவள்; ஆடு வளர்க்கிறவள்; தண்ணீரைக் கண்டால் பயப்படுகிறவள். இவளுக்கு எதற்குத் தோணி? வின்சன்ற் மூக்கைத் தடவினான். இஷாம் ஏற்றினான். கண்ணகையும் ஏற்றினாள். எழுபது, எழுபத்தைந்து, எண்பது. மூக்கு சிவந்துவிட்டது. ஆடு மேய்க்கிறவள் இவ்வளவு துணிச்சலாகக் கேட்பதைக் கண்டு சபையே வாயைப் பிளந்தது.

எண்பத்து மூன்றில்தான் அவன் கண்ணில் பட்டது. வாவிக் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது, யாருக்கும் வேர்க்கவில்லை. ஆனாலும் ரிப்கா பாட்டுப் புத்தகத்தால் விசிறினாள். அவள் விசிறியதும் கண்ணகை, "எண்பத்து நாலு," என்றாள்.

முதலில் அவனுக்குக் கோபம்தான் வந்தது. சீட்டுக் காசு! மார்கழியில்தான் கிடைக்கும் என்று சொன்ன ஒரு லட்சத்தை எடுத்துவிட்டாள், அதுவும் எனக்கு ஒளித்து! தான் செய்ததை அந்த ஒரு நிமிடம் அடியோடு மறந்து நியாயம் பேசினான், மனதுக்குள். பிறகு அந்தச் சீட்டு எதற்கென்று ஞாபகம் வந்தது. நிலானியின் வீட்டுக்கு அத்திவாரம் போட வைத்த காசு அது. அதைக் கொண்டுவந்து தோணி கேட்கிறாள். அவளுக்கு எதற்குத் தோணி? அவனுக்கு. ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத கனவை, பக்கத்தில் படுத்திருந்தவள் எப்படியோ கண்டுவிட்டாள்.

"எண்பத்து நாலு, ஒருதரம்," என்றார் காரியதரிசி. இஷாம் அவனைப் பார்த்தான்.

சும்மா இருந்தால் போதும். மூக்கைத் தொடாமல் இருந்தால் தோணி எண்பத்து நாலுக்கு முடியும், ரிப்கா அதைக் கொண்டுவந்து ஆசையோடு தருவாள், தொண்ணூற்று மூவாயிரமும் அமானிதமாக அப்படியே கிடக்கும். யாருக்கும் எதுவும் தெரியாது. வாய் திறந்தாலோ, அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அது என்ன கேள்வி என்று அவனுக்குத் தெரியும். இரண்டு வருடமாக அவன் அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தான்.

"ரெண்டுதரம்."

ரிப்கா விசிறுவதை நிறுத்தியிருந்தாள். வென்றுவிட்ட சந்தோசத்தை மறைக்க உதட்டைக் கடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல் இருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவனால் இருக்க முடியவில்லை.

"நிப்பாட்டுங்க அண்ணே!" எழுந்துவிட்டான்.

"ஏன் வின்சன்ற், நீயும் கேக்கப் போறியா?"

"நான்தான் கேட்டுக்கொண்டிரிக்கன். இஷாம் கேட்டது என்ட காசுக்கு. கண்ணகை கேட்டது ரிப்காட காசுக்கு. ரெண்டு பக்கமும் நம்மட காசுதான் அண்ணே."

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியபோது தறப்பாள் பறக்கும் அளவுக்குச் சிரித்தார்கள். கண்ணகை முந்தானையால் வாயைப் பொத்தினாள். "இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா கோயிலுக்குக் கூரையே போட்டிருக்கலாம்," என்றார் காரியதரிசி. போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மற்றவர்கள் விட்ட இடத்திலிருந்து அறுபத்தாறாயிரமே போதும் என்று முடித்து வைத்தார். ரிப்கா மட்டும் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து அறுபத்தாறாயிரத்தை மேசையில் வைத்தாள். இஷாம் வந்து ஒரு தடித்த உறையை வின்சன்றின் கையில் திணித்தான்.

மற்ற ஏலமெல்லாம் முடிந்து, பின்னேரம் வீட்டுக்குத் தோணியிலேயே போனார்கள். அவன் நின்று கோல் ஊன்றினான், அவள் முன்னால் அவனைப் பார்த்தபடி இருந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாவி முழுக்கப் பொன்னிற வெளிச்சம், ஒரு சுருக்கமும் இல்லை. இத்தனை வருடம் கண்ட கனவு அப்படியே காலுக்குக் கீழே மிதந்தது, அதை அனுபவிக்க அவனால் முடியவில்லை. நடுவாவிக்கு வந்தபோது உறையை எடுத்து அவள் மடியில் வைத்தான். எவ்வளவு, எத்தனை வருடம் என்று சொன்னான்.

"நிலானி ஆசுபத்திரியில கிடக்கக்குள்ள இந்தக் காசு இருந்ததா?" என்று கேட்டாள் ரிப்கா.

"ஓம்."

"எவ்வளவு?"

"நாப்பத்தோராயிரம்."

அவள் அழுதாள். சத்தமில்லாமல், முகத்தைத் துடைக்காமல் அழுதாள்.

"காப்பக் கழட்டிக் குடுக்கக்குள்ள எனக்கு வெக்கமா இருந்திச்சு. நீங்க பக்கத்துலதானே நின்டீங்க."

வின்சன்ற் கோலைப் பிடித்தபடி நின்றான். பொய் சொல்ல வார்த்தை இருந்தால் சொல்லியிருப்பான், ஒன்றும் வரவில்லை. "உன்ட வீட்டுல எனக்கெண்டு ஒண்டு இருக்கட்டும் எண்டு நினைச்சிட்டன்," என்றான்.

"என்ட வீடா?" ரிப்கா நிமிர்ந்து பார்த்தாள். "பதினாலு வருசமா அது நம்மட வீடு எண்டுதான் நான் நினைச்சிட்டு இரிக்கன். நீங்க ஆர்ட வீட்டுல இருந்தீங்க?"

தோணி தானாக நகர்ந்தது. கரை கிட்ட வந்துவிட்டது. இவர்கள் தோணியில் வருவதைக் கண்டு நிலானி கரையோரம் துள்ளிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. வின்சன்ற் கரைக்கு விட வளைத்தான்.

"திருப்புங்க," என்றாள் ரிப்கா.

"ஆ?"

"புள்ளைக்கு முன்னால வேணாம். எல்லாத்தையும் இவடத்தயே சொல்லி முடிங்க. முதல் நூறு ரூபாயில இருந்து. நான் கேட்டுக் கேட்டு நீங்க சொல்லுறது இண்டையோட சரி. மறுகா சீட்டுக் கதைய நான் சொல்லுறன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கரையைப் பார்த்து, கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவோம் என்று மகளுக்குக் கையைக் காட்டினாள். வின்சன்ற் கோலை ஊன்றித் தோணியைத் திருப்பினான். வெளிச்சம் இன்னும் இருந்த நடுத்தண்ணீரில் அதை நிறுத்திவிட்டு, கோலைக் கீழே வைத்து, அவளுக்கு எதிரே இருந்து சொல்லத் தொடங்கினான்.