இங்கனன்னா எங்கன?

என் மகளை நான் அடித்திருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. பாலும் உப்பும் தீப்பெட்டியும் வாங்கி வா என்றால் பாலை மட்டும் வாங்கி வருவாள். "ஏட்டி, மூளையை எங்கன கழட்டி வச்ச?" என்று கத்துவேன். "இங்கன வா" என்று கூப்பிட்டால் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "இங்கனன்னா எங்கன?" என்று கேட்பாள். போலீஸ்காரன் வீட்டில் இப்படியொரு வாய்த்துடுக்கா என்று கை நீண்டுவிடும்.

ஒருநாள் போனை இடது காதில் வைத்துக்கொண்டு, "யாரும் பேசலப்பா" என்றாள். மறுமுனையில் அவள் சித்தி கத்திக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. அப்போதுதான் புரிந்தது. நாலு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தபோது கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டோம், வீக்கம் வற்றியது, சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். அது போகும்போது ஒரு காதையும் கொண்டுபோயிருக்கிறது. நாங்கள் மூன்று வருடம் அவளை மறதிக்காரி என்று திட்டிக்கொண்டிருந்தோம்.

திருநெல்வேலியில் காதைப் பரிசோதித்த பெண் அவளை இரைச்சலுக்கு நடுவே உட்காரவைத்து, ஐந்து சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். மகள் இரண்டைச் சொல்லிவிட்டு விழித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது.

"பிள்ளைக்கு மறதி இல்ல சார்," என்றார் அந்தப் பெண். "ஒத்தக் காத வச்சு என்ன சொல்லுதாங்கன்னு பிடிக்கதுக்குள்ளயே அசந்துருதா. மனசுல வைக்கத் தெம்பு எங்க இருக்கு? சத்தம் எந்தப் பக்கம் வருதுன்னும் அவளுக்குத் தெரியாது. எல்லாமே வலது பக்கம்தான்."

 

ஆபரேஷன் செய்து இடது காதுக்குள் கருவி வைத்தார்கள். வெளியே, தலையில் காந்தம்போல ஒட்டிக்கொள்ளும் மெஷின் ஒன்று. ஒரு வருடம் பயிற்சி. அதே ஐந்து சொற்களை ஐந்தையும் சொன்ன அன்று என் மனைவி ஆஸ்பத்திரி என்றும் பாராமல் ஓவென்று அழுதாள்.

போன சீசனில் எனக்குக் குற்றாலத்தில், அருவிக்கரையில் டூட்டி. சாரல் நன்றாக இருந்தது. குளிக்க வருகிறோம் என்று அம்மாவும் மகளும் ஒரே பிடிவாதம். தண்ணீரில் மெஷினைக் கழற்றியாக வேண்டும், கழற்றினால் மறுபடி ஒற்றைக் காதுதான். அதனால் காலையில் தென்காசி வீட்டில், மெஷின் போட்டிருக்கும்போதே, விரலை மடக்கி மூன்று விஷயம் சொன்னேன். விசில் கேட்டால் கம்பியைப் பிடி. பிடித்த கையை விடாதே. மூன்றாவது, அப்பா உன்னைக் கூப்பிட்டுக் கத்த மாட்டேன், நேரே வந்து தூக்குவேன்.

பதினோரு மணிக்குத் தண்ணீர் கலங்கியது. செம்மண் நிறத்தில் சருகும் குச்சியுமாக வந்தது. நாங்கள் விசிலை ஊதினோம். பெண்கள் பக்கம் கூட்டம் மொத்தமும் படியை நோக்கிப் பாய்ந்தது. அந்தத் தள்ளலில் என் மனைவி கையில் மெஷின் பையோடு படிக்கு மேலே வந்து விழுந்தாள்.

"ஏங்க, பிள்ளைய விட்டுட்டேன்!"

பார்த்தேன். கீழே, கடைசிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் மகள். அவளுக்கு இடது பக்கம் படியில் நான். வலது பக்கம் பாறை, அதற்கப்பால் அருவி. தண்ணீர் அவள் முழங்காலுக்கு ஏறிவிட்டது.

என் தொண்டை என் பேச்சைக் கேட்கவில்லை. "ஏட்டி! இங்கன வா! இங்கன வாட்டி!"

அவளுக்குக் கேட்டது. கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தாள். வலது பக்கம் திரும்பினாள். தண்ணீரைப் பார்த்து ஒரு அடி வைத்தாள்.

பாவி, நான்தான் கூப்பிட்டேன். நான் கூப்பிடக் கூப்பிட அவள் அருவிக்குள்தான் போவாள். வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன். எதிரே ஏறி வந்தவர்களை யார் எவர் என்று பார்க்கவில்லை, தள்ளினேன், மிதித்தேன். அவள் இன்னொரு அடி வைத்து, நின்று, நாலு பக்கமும் பார்த்தாள். பிறகு எடுத்த கையைத் திரும்பக் கம்பியிலேயே வைத்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் தூக்க வேண்டியிருந்தது.

மேலே கொண்டுவந்து துவட்டி, மெஷினை ஒட்டவைத்தோம்.  பிள்ளைக்குப் பல் தந்தியடித்தது.

"கம்பிய ஏம்ட்டி விட்ட?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் விரலை மடக்கினாள், காலையில் நான் மடக்கியதுபோலவே.

"ஒண்ணு, கம்பியப் பிடிச்சேன். ரெண்டு, கைய விடக் கூடாது. எனக்கு ஞாபகம் இருந்துச்சுப்பா." மூன்றாவது விரலை மடக்காமல் என்னைப் பார்த்தாள். "நீங்க கத்த மாட்டேன்னு சொன்னீங்கல்லா? மறந்துட்டீங்களா?"